மீனம்பாக்கத்தில் இறங்கி இரயிலேறுவது எப்படி?



கம்போங் குவாந்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மாள் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பால்மரம் வெட்டியும், பிறகு செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கியும் பிள்ளைகளை ஆளாக்கியவர். அவருடைய தாயாரின் தங்கை, அதாவது சின்னம்மா, விருத்தாசலத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் இன்னும் உயிரோடிருக்கிறாராம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒருவரையொருவர் இதுவரை நேரில் பார்த்ததில்லை.

மகன் சென்னைக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒன்று அம்மாவுக்கு, மற்றது பதினான்கு வயதுப் பேத்திக்கு. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. "விமான நிலையத்திலேயே டாக்சி பிடித்து நேராக ஊருக்குப் போய்விடுங்கள்" என்கிறாராம். இனி அந்த அம்மாளே பேசட்டும்:

"அவ்வளவு தூரத்துக்கு டாக்சிக்குக் கொடுக்கிற காசைச் சின்னம்மா கையில் கொடுத்தால் அவர் சில மாசம் மருந்து வாங்கிக்கொள்வார். இரயிலில் போனால் செலவு குறைவு என்கிறார்கள். ஆனால் எனக்கு மலாயும் சரியாக வராது, இங்கிலீஷும் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்த தமிழ்தான். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது என்று எழுதுவீர்களா?"

எழுதுகிறேன் அம்மா. உங்களைப் போல முதல் பயணம் போகிறவர்கள் புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் தஞ்சோங் காராங்கிலும் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கும் ஆகட்டும்.

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 2009-ல் நான் முதல்முறை போனபோது திருச்சிக்கு இரயில் டிக்கெட் வைத்திருந்தேன். டிக்கெட்டில் எழும்பூர் என்று போட்டிருந்தது. விமானத்தை விட்டு இறங்கியதும் டாக்சி பிடித்து, நெரிசலில் ஊர்ந்து, இரயிலைத் தவறவிட்டுவிடுவோமோ என்று வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு எழும்பூர் போய்ச் சேர்ந்தேன். இரயில் கிளம்பி இருபது இருபத்தைந்து நிமிஷம் இருக்கும். வலப்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தால் 'திருசூலம்' என்று மஞ்சள் பலகை. அதற்குப் பின்னால் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் நான் காலையில் இறங்கிய அதே விமான நிலையம்! பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பரிதாபமாகத்தான் பார்த்தார். "ஏம்மா, அங்க இறங்கிட்டு எதுக்கு எழும்பூர் போனீங்க? தாம்பரத்துல ஏறியிருக்கலாமே?" என்றார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் அந்தப் பெரியவர் சொன்னதுதான். தெற்கே போகிறவர்கள் சென்னை நகருக்குள் போகவே வேண்டாம். தாம்பரத்துக்குப் போங்கள்.

காரணம் எளிது. எழும்பூரிலிருந்து விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர், திருச்சி, மதுரை என்று தெற்கே போகிற வண்டிகள் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கிற தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. திருசூலம் சின்ன நிலையம், அங்கே விரைவு வண்டிகள் நிற்பதில்லை. அதற்கு நாலு நிலையம் தள்ளி இருக்கிற தாம்பரத்தில் பெரும்பாலான வண்டிகள் நிற்கும். வைகை, பல்லவன், பாண்டியன், மலைக்கோட்டை எல்லாம் அங்கே நின்றுதான் போகின்றன. சில வண்டிகள் தாம்பரத்திலிருந்தே புறப்படுவதும் உண்டு.

இப்போது வழியைச் சொல்கிறேன். நீங்கள் இறங்கும் இடத்தை நம்மவர்கள் மீனம்பாக்கம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதன் வாசலில் போகிற பெரிய சாலைக்கு ஜி.எஸ்.டி. சாலை என்று பெயர். திருசூலம் இரயில் நிலையம் அந்தச் சாலைக்கு அந்தப் பக்கம். சாலையில் குறுக்கே ஓடிவிடாதீர்கள், பேய் வேகத்தில் வண்டிகள் வரும். சாலைக்கு அடியில் சுரங்க நடைபாதை இருக்கிறது. வெளியே வந்ததும் "மெட்ரோ ஸ்டேஷன் எங்கே, அங்கேயிருந்து திருசூலம் ஸ்டேஷனுக்கு எப்படிப் போறது?" என்று சீருடையில் நிற்கிற யாரையாவது கேளுங்கள். பெட்டியோடு மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

நிலையத்தில் டிக்கெட் முகப்பு இருக்கும். "தாம்பரம் ரெண்டு" என்றால் போதும். கட்டணம் ஐந்து, பத்து ரூபாய்க் கணக்குதான், ஆகையால் சில்லறை நோட்டு வைத்திருங்கள். இந்தப் புறநகர் மின்சார இரயில் புதிய சங்கதியல்ல. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. நீங்கள் ஏற வேண்டியது தாம்பரம் அல்லது செங்கல்பட்டு போகிற வண்டி. 'கடற்கரை' என்று போட்டிருந்தால் அது எதிர்த்திசை.

இங்கே மூன்று இடத்தில் புதியவர்கள் ஏமாறுவார்கள். வண்டியில் முதல் வகுப்புப் பெட்டி என்று ஒன்று இருக்கும். கூட்டமில்லாமல் காலியாகத் தெரிகிறதே என்று சாதாரண டிக்கெட்டோடு அதில் ஏறினால் அபராதம். அபராதமே குறைந்தது 250 ரூபாய், நம் டிக்கெட்டோ ஐந்து ரூபாய்! அப்புறம், 2025 ஏப்ரல் முதல் இதே பாதையில் குளிரூட்டிய வண்டிகளும் ஓடுகின்றன. கதவு மூடிக்கொண்டு பளபளவென்று வரும். அதற்கும் தனி டிக்கெட். மூன்றாவது ஏமாற்றம் பெயரில் இருக்கிறது. திருசூலத்தை விட்டால் பல்லாவரம், குரோம்பேட்டை, அதற்கடுத்து 'தாம்பரம் சானடோரியம்'. 1928-ல் அங்கே காசநோய்க்கு ஒரு மருத்துவமனை ஏற்பட்டது, அதனால் வந்த பெயர். தாம்பரம் என்று காதில் விழுந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். அதற்கடுத்த நிலையம்தான் உங்களுடையது. பேத்தியை நாலு நிலையங்களையும் விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. ஆனால் காலை எட்டிலிருந்து பத்து வரையும், மாலை ஐந்திலிருந்து எட்டு வரையும் வேலைக்குப் போகிற கூட்டம் தேன்கூடு போல மொய்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பெரிய பெட்டிகளோடு ஏற முயல வேண்டாம். நம்மவர்கள் வெறுங்கையோடு போகிற வழக்கமில்லையே! மைலோ டின், கோடாலித் தைலம், போர்வை, பிஸ்கட் என்று பெட்டியைத் திணித்துத்தான் போவோம். அப்படிப் பெட்டி கனத்தால் விமான நிலையத்திலிருந்து தாம்பரம் வரைக்கும் மட்டும் முன்பணம் கட்டுகிற டாக்சி முகப்பில் ஒரு வண்டி எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் பத்து கிலோமீட்டர்தான். விருத்தாசலம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். எதற்கு டாக்சி, எதற்கு இரயில் என்று உங்கள் மகனுக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் புரிந்துகொள்வார். வெளியே வந்ததும் "எங்கேம்மா போகணும்" என்று பெட்டியில் கை வைக்கிறவர்களிடம் மட்டும் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

தாம்பரத்திலிருந்து விருத்தாசலத்துக்குச் சுமார் மூன்று மணி நேரப் பயணம். இதற்கு முன்பதிவு செய்துகொள்வது அவசியம். 2024 நவம்பர் முதல், பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத்தான் பதிவு திறக்கிறது. முன்பு 120 நாளாக இருந்தது. சின்னம்மா வீட்டுப் பிள்ளைகள் யாரையாவது ஊரிலேயே பதிவு செய்யச் சொல்வது நல்லது. அவர்களிடம் மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள்: வண்டி விருத்தாசலத்தில் நிற்கிற வண்டிதானா என்று பார்க்க வேண்டும், ஏறும் இடம் தாம்பரம் என்று போட வேண்டும், பெயர்களைக் கடப்பிதழில் இருக்கிறபடி எழுத வேண்டும். பரிசோதகர் வரும்போது கடப்பிதழைத்தான் காட்டப் போகிறீர்கள். 'காத்திருப்போர் பட்டியல்' என்று வந்த டிக்கெட்டை நம்பிக் கிளம்பாதீர்கள். இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசிவரை அந்தப் பட்டியலிலேயே நின்றுவிட்டால் அதை வைத்து வண்டியில் ஏற முடியாது.

எழும்பூர் 1908-ல் திறந்த பழைய நிலையம். இப்போது அதைப் புதுப்பிக்கிற வேலை நடக்கிறது. 2022-ல் அடிக்கல் நாட்டினார்கள். இந்த வேலையினால் சில வண்டிகள் புறப்படும் இடம் அவ்வப்போது மாறுகிறது. பயணத்துக்கு முதல் நாள் ஊர்ப் பிள்ளைகளை ஒருமுறை விசாரிக்கச் சொல்லிவிடுங்கள். இரயில்வே விசாரணைக்கும் உதவிக்கும் 139 என்ற எண் இருக்கிறது.

நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். இந்திய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். இங்கே காலை ஒன்பதுக்குப் புறப்பட்டால் நாலு மணி நேரம் பறந்து அங்கே பத்தரைக்கு இறங்குவீர்கள். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. குடிநுழைவு வரிசை, பெட்டி வருகிற நேரம், விமானம் தாமதமாகிற பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்து, இறங்குகிற நேரத்துக்கும் இரயில் நேரத்துக்கும் நடுவே நாலு மணி நேரமாவது விடுங்கள். தாம்பரத்தில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தால் ஒன்றும் குறைந்துபோகாது. விமானம் நடுராத்திரியில் இறங்கினால் வெளியே வந்துவிடாதீர்கள். புறநகர் வண்டி விடியற்காலை நாலு மணி வாக்கில்தான் ஓடத் தொடங்கும். உள்ளேயே வருகைக் கூடத்தில் உட்கார்ந்திருங்கள். ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

எல்லாம் செய்தும் இரயில் தவறிவிட்டால்? கலங்க வேண்டாம். பேருந்து இருக்கிறது. ஆனால் முன்னே போய்வந்தவர்கள் சொல்கிற கோயம்பேட்டை மறந்துவிடுங்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறந்து, தெற்கே போகிற பேருந்துகளை அங்கே மாற்றிவிட்டார்கள். அதுவும் தாம்பரத்துக்குத் தெற்கேதான் இருக்கிறது. தாம்பரத்திலிருந்தே மாநகரப் பேருந்தில் போய்விடலாம்.

நகருக்குள் உறவினர் இருக்கிறவர்களுக்கு மெட்ரோவைப் பற்றி இரண்டு வார்த்தை. 2016 செப்டம்பரிலிருந்து விமான நிலைய வாசலிலேயே மெட்ரோ ஏறலாம். கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, சென்ட்ரல், வண்ணாரப்பேட்டை என்று போகும். வடபழனி, கோயம்பேடு, எழும்பூர் போக ஆலந்தூரில் மாற வேண்டும். குளிரூட்டிய வண்டி, சுத்தமான வண்டி, சென்ட்ரல் வரைக்கும் நாற்பது ரூபாய் அளவில்தான் ஆகும். ஆனால் தாம்பரம் பக்கம் மெட்ரோ போகாது, ஆகவே கடிதம் எழுதிய அம்மாளுக்கு இது தேவைப்படாது. திருச்சி, முசிறி, பெரம்பலூர், புதுக்கோட்டைப் பக்கத்துச் சொந்தம் உள்ளவர்கள் சென்னைக்கே டிக்கெட் எடுக்காமல், கோலாலம்பூரிலிருந்து நேரே திருச்சிக்குப் போகிற விமானத்தைப் பாருங்கள். அங்கே விமான நிலைய வாசலில் இரயில் இல்லை. ஆனால் திருச்சி ஜங்ஷன் ஐந்தாறு கிலோமீட்டர்தான்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. பல வீடுகளில் யாரோ எப்போதோ கொண்டுவந்த இந்திய நோட்டுகளைச் சேலை மடிப்பில் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவோடு செல்லாமல் போய்விட்டன. 2000 ரூபாய் நோட்டையும் 2023-ல் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அவற்றை நம்பிப் போகாதீர்கள். இன்னொன்று, அங்கே போய் "எத்தனை வெள்ளி?" என்று கேட்டால் நகைக்கடைக்கு வழி காட்டுவார்கள்! "பசியாறணும்" என்றாலும் ஒரு நிமிஷம் விழிப்பார்கள். "டிபன் சாப்பிடணும்" என்று சொல்லுங்கள்.

அம்மா, இனி உங்கள் கடிதத்தில் என் மனத்தைத் தைத்த இடத்துக்கு வருகிறேன். மலாயும் இங்கிலீஷும் தெரியாது, ஆறாவது வரை படித்த தமிழ்தான் என்று எழுதினீர்களே. கிளினிக்கில் பாரம், நில அலுவலகத்தில் பாரம், பள்ளிக்கூடத்தில் பாரம் என்று எங்கே போனாலும் யாராவது எழுதிக் கொடுக்கக் காத்திருந்த வலி அந்த வரியில் இருக்கிறது. நான் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் பயப்பட வேண்டிய விமான நிலையம் சென்னை அல்ல, நம்முடைய செப்பாங்தான்! செப்பாங்கில் உங்கள் மகன் கூட வந்து, டிக்கெட்டில் முனையம் 1-ஆ 2-ஆ என்று பார்த்து, சரியான கட்டடத்தில் விடட்டும். முனையம் 1-இல் உள்ளே போனபிறகு, விமானம் நிற்கிற துணைக் கட்டடத்துக்கு ஓட்டுநர் இல்லாத சின்ன இரயிலில் போக வேண்டியிருக்கலாம். 2023-ல் நின்றுபோனது, 2025 ஜூலையில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. டிக்கெட் கிடையாது. எல்லாரும் ஏறும்போது நீங்களும் ஏறுங்கள். பேத்திக்கு மலாயும் இங்கிலீஷும் தெரியும் அல்லவா? அதுவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போங்கள்.

திருசூலத்தில் அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வாள். நிலையத்தின் பெயர் தமிழில். டிக்கெட் முகப்பில் தமிழ். வண்டி வருகிற அறிவிப்பு தமிழில். பேத்தி தமிழ்ப்பள்ளியில் படித்தவளோ என்னவோ, எனக்குத் தெரியாது. படிக்காதவளானால், பாட்டி ஒவ்வொரு பலகையாக வாசித்துச் சொல்லிக்கொண்டு போவதை அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பாள்.

உங்கள் தாயார் காலத்தில் இந்தப் பயணம் கப்பலில் நடந்தது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, கொரண்டின் முகாமில் இருந்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தார்கள். ரஜுலா கப்பல் 1973 வரை ஓடியது. அதற்குப் பின்னால் வந்த சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணம் முடிந்துபோயிற்று. வந்தவர்களில் எத்தனையோ பேர் ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. உங்கள் தாயாரும் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நிச்சயம் பேச்சுக் கொடுப்பார்கள். "மலேசியாவில் எங்கே?" என்பார்கள். எங்கள் ஊர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரம் முழுக்க மின்மினிகள் ஒன்றுபோல் அணைந்து அணைந்து எரியும், உலகமெங்கும் இருந்து அதைப் பார்க்க வருகிறார்கள் என்று தாராளமாகச் சொல்லுங்கள். எத்தனை நாள் தங்குகிறீர்கள், பையில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டாம். இரவு வண்டியாக இருந்தால் கைப்பையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். விருத்தாசலத்தில் வண்டி சில நிமிஷந்தான் நிற்கும். ஒரு நிலையம் முன்னதாகவே எழுந்து பெட்டிகளைக் கதவுப் பக்கம் நகர்த்திவிடுங்கள். பேத்தி முதலில் இறங்கட்டும், நீங்கள் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

திரும்பி வரும்போது இதே வழிதான், தலைகீழாக. தாம்பரத்தில் இறங்கி, கடற்கரை வண்டியில் ஏறி, நாலாவது நிலையம். விமான நேரத்துக்கு நாலு மணி முன்னதாகத் திருசூலத்தில் இருந்தால் நிம்மதி.

செப்பாங்கில் இறங்கிய பிறகு என்ன செய்வது? நம்முடைய விரைவு இரயில் 2002 முதல் ஓடுகிறது. 28 நிமிஷத்தில் கே.எல். சென்ட்ரல் போய்விடும். ஆனால் 2016 முதல் ஆளுக்கு 55 வெள்ளி. திருசூலத்தில் ஐந்து ரூபாய் கொடுத்துப் பழகிவிட்டு வருகிறவர்களுக்கு நெஞ்சு அடைக்கும்! பேருந்தில் வந்தால் பணம் மிச்சம். கோல சிலாங்கூருக்கு இன்று இரயில் கிடையாது. கே.எல். சென்ட்ரலிலிருந்து கே.டி.எம். வண்டியில் தஞ்சோங் மாலிம் பக்கம் போகிறதாகப் பார்த்து ஏறி, சுங்கை பூலோவில் இறங்குங்கள். அங்கே மகனைக் காரோடு வந்து நிற்கச் சொல்லுங்கள். அதற்கு லீவு வேண்டாம், வேலை முடிந்து வந்தால் போதும்.

போய்வந்து மறுபடி ஒரு கடிதம் போடுங்கள் அம்மா. சின்னம்மாவின் முகம் உங்கள் தாயாரின் ஜாடையில் இருந்ததா என்று எழுதுங்கள்.